எலிச் செய்தியில் காணாமல் போன எலி

"எலிகளிடம் நடத்திய சோதனை வெற்றி." கொரோனா காலத்தில் இப்படி எத்தனை தலைப்புகள் படித்திருப்போம்! பக்கத்தில் சிவந்த கண்ணோடு ஒரு வெள்ளை எலி படம் இருக்கும். தமிழில் வரும் மருத்துவச் செய்திகள் மேல் எனக்கு நெடுநாளாக ஒரு குறை உண்டு. அது எந்த எலி, எங்கிருந்து வந்தது என்று பெரும்பாலும் சொல்வதில்லை. அதைச் சொல்லாமல் விட்டால் பாதிச் செய்தி போச்சு.

2020இல் பரவிய கொரோனா சாதாரணச் சுண்டெலிக்குச் சரியாகத் தொற்றாது. வைரஸ் நம் செல்லுக்குள் நுழையப் பிடித்துக்கொள்ளும் ஏசிஇ2 என்ற புரதம், எலியிடம் சற்று வேறு மாதிரி இருக்கிறது. எனவே மனித ஏசிஇ2 மரபணுவைச் சுமக்கும் எலி தேவைப்பட்டது. அப்படி ஓர் எலியை 2007லேயே அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் பால் மெக்ரே, ஸ்டான்லி பெர்ல்மன் குழுவினர் உருவாக்கியிருந்தார்கள். முந்தைய சார்ஸ் நோயை ஆராய்வதற்காகச் செய்தது அது. பெயர் கே18-எச்ஏசிஇ2. நிறம் வெள்ளை இல்லை, கறுப்பு!

சார்ஸ் அடங்கியதும் இந்த எலியைக் கேட்பார் இல்லை. கூண்டு, தீனி, பார்த்துக்கொள்ள ஆள் என்று செலவழித்து எத்தனை வருஷம் வளர்க்க முடியும்? நல்லவேளையாக விந்தணு உறைநிலையில் பத்திரமாக இருந்தது. 2020 தொடக்கத்தில் ஜாக்சன் ஆய்வகம் அதை உருக்கி, சோதனைக்குழாயில் கருவாக்கி, வாடகைத் தாய் எலிகளுக்குள் வைத்து வம்சத்தை மீட்டது. எலி சுமார் மூன்று வாரத்தில் குட்டி போட்டுவிடும். ஆனாலும் கேட்டவர்களுக்கெல்லாம் கொடுக்கும் அளவுக்குப் பெருக்க மாதங்கள் ஆயின.

எங்க புதுக்கோட்டைப் பக்கம் மாடு வளர்க்கிறவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். சினை ஊசி போட வரும் மாட்டு டாக்டரின் கேனுக்குள் இருப்பதும் அதே திரவ நைட்ரஜன்தான், மைனஸ் 196 டிகிரி. காளை எங்கோ இருக்கும், செத்தும் போயிருக்கலாம். கன்று ஆலங்குடியில் பிறக்கும். ஆனால் எந்தக் காளையின் விந்தை எடுத்து வைத்தார்களோ அதன் கன்றுதான் கிடைக்கும். எடுத்து வைக்காததை எங்கே போய்க் கேட்பது? எலிக்கும் இதே கணக்குதான்.

எந்த எலி என்று தெரிந்தால் முடிவை எடைபோடவும் முடியும். கே18 என்பது, புகுத்திய மரபணு எந்தெந்தச் செல்லில் வேலை செய்யும் என்று தீர்மானிக்கும் சுவிட்ச். இந்த வகை எலிகள் பலவற்றில் வைரஸ் மூளைக்குள்ளும் புகுந்துவிடுகிறது. சாவுக்கு அது முக்கியமான காரணம். மனிதர்கள் பெரும்பாலும் நுரையீரல் பாதிப்பால்தான் இறந்தார்கள். ஆகவே 'மருந்து எலியைக் காப்பாற்றியது' என்றால், எதிலிருந்து காப்பாற்றியது என்ற கேள்வியும் கேட்க வேண்டும், இல்லையா?

குறை பத்திரிகைகளோடு நிற்கவில்லை. அறிவியல் உலகமும் உருவாக்கியவரைத்தான் கொண்டாடுகிறது. எலியில் குறிப்பிட்ட மரபணுவை மாற்ற வழி கண்ட கப்பெக்கி, எவன்ஸ், ஸ்மித்திஸ் மூவருக்கும் 2007இல் நோபல் கிடைத்தது, தகுதியான பரிசுதான். ஆனால் 1972இல் எலிக் கருவை உறையவைத்து, மறுபடி உயிருள்ள குட்டியாக்கிய விட்டிங்காம், லைபோ, மேசர் பெயர்களை எத்தனை பேர் கேட்டிருக்கோம்?

நம் பக்கத்திலேயே, பெங்களூரு தேசிய உயிரியல் அறிவியல் மையத்தில், மரபணு மாற்ற எலிகளை உருவாக்கவும் உறையவைத்துச் சேமிக்கவும் வசதி இருக்கிறது. இதுவெல்லாம் தலைப்பாக வருவதில்லை. சேமிப்பு சலிப்பூட்டும் வேலை. பலன் எப்போது வரும் என்று யாரும் தேதி சொல்ல முடியாது. ஆனால் உறையவைத்த வம்சத்துக்காக, தலைமுறை தலைமுறையாக எலிகளைப் பெற்றுப் பெருக்கிக் கொல்ல வேண்டியதில்லை. விலங்குகள் மேல் இரக்கம் உள்ளவர்கள் இதற்காகவாவது குரல் கொடுக்கலாம்.

அடுத்த நோய்க்கு எந்த எலி தேவைப்படும் என்று இன்று யாருக்கும் தெரியாது. அதனால்தான், இன்று யாரும் கேட்காத எலியையும் எடுத்து வைக்கணும். அந்தச் செலவை வீண் என்று சொல்கிறவர்களுக்கு 2020ஐ ஞாபகப்படுத்தினால் போதும்.