மறதியிலிருந்து மறுபடைப்பு: டர்ட்டி புரொஜெக்டர்ஸின் ‘ரைஸ் அபவ்’

ஆய்வுச் சுருக்கம்

அமெரிக்கப் பரிசோதனை இண்டி பாப் குழுவான டர்ட்டி புரொஜெக்டர்ஸ் 2007இல் வெளியிட்ட ‘ரைஸ் அபவ்’, பிளாக் ஃபிளாக் குழுவின் ‘டேமேஜ்டு’ (1981) இசைத்தொகுப்பை நினைவிலிருந்து மறுபடைக்கும் முயற்சியாகும். மூலத்தை மீண்டும் கேளாமல் அதற்கு உண்மையாக இருக்க இயலுமா என்னும் வினாவை முன்வைத்து அத்தொகுப்பை இக்கட்டுரை மதிப்பிடுகிறது.

திறவுச்சொற்கள்: இண்டி பாப், ஹார்ட்கோர் பங்க், மறுபடைப்பு, நினைவு, வழிநூல், ஒத்திசைவு

மூலமும் அதன் இன்மையும்

‘டேமேஜ்டு’ கலிபோர்னியாவின் ஹெர்மோசா பீச் பகுதியில் உருவான பிளாக் ஃபிளாக் குழுவின் முதல் முழுநீளத் தொகுப்பு. கிதார் கலைஞர் கிரெக் கின் நடத்திய எஸ்எஸ்டி நிறுவனத்தின் வழியே வெளிவந்தது. சுமார் 35 நிமிடங்களில் 15 பாடல்கள். சில மாதங்களுக்கு முன்புதான் குழுவில் இணைந்திருந்த ஹென்றி ராலின்ஸ் அவற்றைப் பாடுகிறார். பாடுகிறார் என்பதைவிடக் கத்துகிறார் என்பதே பொருந்தும். ஹார்ட்கோர் பங்க் மரபில் இன்றளவும் அளவுகோலாக நிற்கும் தொகுப்பு அது.

டர்ட்டி புரொஜெக்டர்ஸின் நிறுவனர் டேவ் லாங்ஸ்ட்ரெத் பிறந்ததும் அதே 1981இல்தான். பதின்பருவத்தில் கேட்ட அத்தொகுப்பைப் பல்லாண்டுகள் கேளாதிருந்த நிலையில், அதன் ஒலிநாடா இல்லாத வெற்று உறை மட்டும் அவர் கைக்குக் கிடைத்தது என்பதே ‘ரைஸ் அபவ்’ தொகுப்போடு வழங்கிவரும் தோற்றக்கதை. அவர் மூலத்தைத் தேடிக் கேட்கவில்லை; நினைவில் எஞ்சியதைக் கொண்டு பாடல்களை மீண்டும் எழுதினார். அமெரிக்கப் பாடகர் டான் ஹென்லியைக் கதைமாந்தராக்கி 2005இல் ‘தி கெட்டி அட்ரஸ்’ என்னும் ஓபெராவை அமைத்தவரிடம் இத்தகைய திட்டம் வியப்புக்குரியதன்று.

வழிநூல் என்னும் அளவுகோல்

தொல்காப்பிய மரபியல் நூலை முதல், வழி என இரண்டாகப் பகுத்து, வழிநூல் தோன்றும் முறைகளைத் தொகுத்தல், விரித்தல், தொகைவிரி, மொழிபெயர்த்தல் என நான்காக்குகிறது. தொடர்பற்ற ஓர் இசைமரபுக்கு இவ்வகைப்பாட்டை அப்படியே பொருத்துவது முறையன்று. ஆயினும் இதைக் கொண்டு ஒன்றைத் தெளிவாகக் காணலாம். நான்கு முறைகளுமே முதனூல் வழிநூலாசிரியன் முன் இருப்பதை முற்கோளாகக் கொண்டவை. எதைத் தொகுக்கிறான், எதை விரிக்கிறான் என்பதை அவன் அறிவான். லாங்ஸ்ட்ரெத் அறியமாட்டார். அவருடைய விடுபாடுகளுள் எது தேர்வு, எது மறதி என்பதைக் கேட்போராலும் பிரித்தறிய இயலாது. ‘ரைஸ் அபவ்’ பெற்ற கவனத்தின் ஒரு பகுதி, சரிபார்க்கவே முடியாத இந்தக் கூற்றின்மீது நிற்கிறது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

விடுபட்டவற்றைப் பார்த்தால் ஐயம் வலுக்கிறது. மூலத்தின் 15 பாடல்களுள் 10 மட்டுமே இங்கு உள்ளன. தொலைக்காட்சிமுன் அடைந்துகிடக்கும் இளைஞரைக் கேலி செய்யும் ‘டிவி பார்ட்டி’ இல்லை. ஒருமுறை கேட்டவர் எளிதில் மறக்கக்கூடிய பாடலன்று அது. தொகுப்பிலேயே மனத்தில் மிக எளிதாக ஒட்டிக்கொள்வது. அது விடுபட்டதை மறதி என்று கொள்வதைவிட, புதிய தொகுப்பின் துயரத் தொனியில் அந்த நகைச்சுவைக்கு இடமில்லாது போயிற்று என்று கொள்வதே தகும். மறுபுறம், எடுத்துக்கொண்ட பாடல்களில் சொற்கள் பெரும்பாலும் அடையாளம் காணும் அளவுக்கு நிலைத்திருக்க, மெட்டும் தாளமும் அறவே மாறிவிடுகின்றன. ஹார்ட்கோர் பாடலில் நினைவு பற்றிக்கொள்ளத்தக்க மெட்டு குறைவு என்பது இதற்கு ஒரு விளக்கம். மெட்டில்லாத அந்த வெற்றிடமே லாங்ஸ்ட்ரெத்துக்கு வேண்டியிருந்தது என்பது மற்றொரு விளக்கம். இரண்டாவதே பொருத்தமானது.

சினத்தின் குரல் மாற்றம்

அவ்வெற்றிடத்தை நிரப்புபவை இரண்டு. ஒன்று, மேற்கு ஆப்பிரிக்க இசையை நினைவூட்டும் தெளிவான, பின்னலான கிதார் மீட்டல். அது கின்னின் இரைச்சலுக்கு நேரெதிரானதாகத் தோன்றும். ஆனால் சுருதிக்கு அடங்காது கோணிச்செல்லும் கின்னின் தனிவாசிப்பை ஊன்றிக் கேட்டவர், எதிர்பாராத இடத்தில் முறிந்து திரும்பும் லாங்ஸ்ட்ரெத்தின் சொற்றொடர்களில் அதன் சாயலை உணர்வர். சொல்லளவில் அன்றி இயல்பளவில் மூலத்தோடு நெருங்கும் இடம் இது.

மற்றொன்று, ஆம்பர் காஃப்மன் உள்ளிட்ட பெண்குரல்களின் ஒத்திசைவு. மூலப் பாடல்கள் முழுக்க இளம் ஆண்களின் சினம்: குடி, தன்வெறுப்பு, காவலர் தடியடி. ‘போலீஸ் ஸ்டோரி’ இதற்குத் தக்க எடுத்துக்காட்டு. பிளாக் ஃபிளாக் நிகழ்ச்சிகளுக்கும் லாஸ் ஏஞ்சல்ஸ் காவல்துறைக்கும் இடையே மெய்யாகவே நிகழ்ந்துகொண்டிருந்த மோதலிலிருந்து பிறந்த பாடல் அது. புதிய வடிவில் வேகம் தணிந்து, அடிபட்டவன் பின்னொருநாள் தனக்குத்தானே சொல்லிக்கொள்வதுபோல் ஒலிக்கிறது. அடிவாங்காத ஒருவர் பிறர் வாங்கிய அடியை அழகுபடுத்துகிறார் என்னும் குற்றச்சாட்டை இங்கு எளிதில் ஒதுக்கிவிட முடியாது. ஆனால் வன்முறையைத் தொலைவிலிருந்து மட்டுமே அறிந்த சிறுவன் ஒருவன் ஒலிநாடாவில் கேட்டது என்ன என்பதைப் பாடல் மறைக்கவில்லை. ராலின்ஸைப் போல நடித்துக் கத்தியிருந்தால்தான் அது பொய்யாகியிருக்கும்.

எல்லாப் பாடல்களும் இவ்வளவு தாங்குவன அல்ல. மென்மையாகத் தொடங்கித் திடீரென வெடிக்கும் உத்தி பலமுறை திரும்பிவரும்போது, வெடிப்பு மூலத்தின் அடிக்குறிப்பாகச் சுருங்கிவிடுகிறது. தொகுப்பின் நடுப்பகுதி இதனால் தளர்கிறது.

முதற்பாடல் இறுதிப்பாடலாதல்

‘டேமேஜ்டு’ தொகுப்பைத் தொடங்கிவைப்பது ‘ரைஸ் அபவ்’ என்னும் பாடல். லாங்ஸ்ட்ரெத் அதனை இறுதிக்கு நகர்த்தி, தொகுப்புக்கும் அப்பெயரையே சூட்டினார். மூலத்தில் அது போர்முழக்கம். ராலின்ஸின் ஒவ்வொரு வரிக்கும் குழுவினர் அனைவரும் ஒரே குரலாய்த் திரும்ப முழங்குவர். தனியாள் கூட்டத்தில் கரைந்துபோவதே அம்முழக்கத்தின் ஆற்றல். மறுபடைப்பில் அதே அழைப்பும் பதிலும் ஒத்திசைவுக்கு மாறுகின்றன. ஒரே சுரத்தில் கத்துவதற்கு அருகிருப்பவரைக் கேட்க வேண்டியதில்லை. வேறுவேறு சுரங்களில் இணைந்து பாடக் கேட்டே ஆகவேண்டும். ஒன்பது பாடல்களின் தன்வெறுப்பையும் தாகத்தையும் கடந்து வரும் இக்குரல்கள் வெற்றியை அறிவிப்பதில்லை. உயரும் சுரத்தை எட்டும்போது நடுங்குகிற லாங்ஸ்ட்ரெத்தின் குரலை, கீழிருந்து தாங்குவதுபோல் மற்றக் குரல்கள் வந்து சேர்கின்றன.