படத்திறப்புக்குப் பிறகு

சென்னைக்கு வடக்கே, காட்டூரிலும் பழவேற்காட்டுக் குப்பங்களிலும், தமிழ்நாட்டின் மற்ற ஊர்களைப் போலவே, சுவர்களில் ‘கண்ணீர் அஞ்சலி’ தாள்களைப் பார்க்கலாம். மறைந்தவர் படம், தோற்றம், மறைவு என இரண்டு தேதிகள். அடியில் அஞ்சலி செலுத்துவோரின் முகங்கள் வரிசையாக. எழுத்தாளர்களுக்கு நாம் நடத்தும் நினைவேந்தல்களிலும் இந்த அடிவரிசைதான் பெருகிவிடுகிறது. ‘அவரும் நானும்’ என்று தொடங்குகிற பேச்சில் அவருடைய புத்தகத்துக்கு நேரம் இருப்பதில்லை.

அதற்காக இந்த வழக்கத்தைக் கைவிடச் சொல்ல எனக்கு மனமில்லை. கருமாதிச் சடங்குக்கு மாற்றாகப் படத்திறப்பை ஊர்களுக்குக் கொண்டுபோனது சுயமரியாதை இயக்கம். மந்திரம் ஓதிய இடத்தில் இறந்தவரின் வாழ்க்கையைப் பேசினார்கள். அது பெரிய மாற்றம். 2021 மே 17 அன்று கி. ராஜநாராயணன் மறைந்தபோது அவருடைய சொந்த ஊரான இடைசெவலில் அரசு மரியாதையோடு இறுதி நிகழ்வு நடந்தது. கரிசல் கதைசொல்லியின் சாவை ஓர் அரசு தன் துக்கமாக ஏற்றதில் எனக்கு இன்றும் நிறைவுதான்.

கடற்கரைக்காரர்கள் எண்ணிப்பார்க்க வேண்டியவர் ராஜம் கிருஷ்ணன். ‘அலைவாய்க்கரையில்’ நாவலில் தென்கரை மீனவர்களையும் ‘கரிப்பு மணிகள்’ நாவலில் தூத்துக்குடி உப்பளத் தொழிலாளர்களையும், களத்துக்கே போய்ப் பழகி எழுதியவர். முதுமையில் முதியோர் இல்லத்தில் வாழ்ந்தார். அவர் உயிரோடு இருக்கும்போதே, 2009இல், அரசு அவர் நூல்களை நாட்டுடைமையாக்கியது. 2014 அக்டோபர் 20 அன்று காலமானார். நாட்டுடைமை என்றால் யாரும் அச்சிடலாம், எவரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். ஒரு குப்பத்துப் பள்ளிகூட ஓர் அத்தியாயத்தை அச்சிட்டுப் பிள்ளைகள் கையில் கொடுக்கலாம். மாலைக்கும் பதாகைக்கும் ஆகிற காசு அதற்குப் போதும்.

அவரே வேறொரு வழியில் நினைவேந்தியிருக்கிறார். கீழத்தஞ்சையில் விவசாயத் தொழிலாளர்களைத் திரட்டிய மணலூர் மணியம்மை 1953இல் இறந்தார். பல பத்தாண்டு கழித்து, அவரை அறிந்தவர்களைத் தேடிப்போய்க் கேட்டு, ‘பாதையில் பதிந்த அடிகள்’ எழுதினார் ராஜம் கிருஷ்ணன். அத்தனை காலம் கழித்துத் தேடும்போது சொல்ல வேண்டியவர்களில் எத்தனையோ பேர் போய்விட்டிருப்பார்கள். இரங்கல் கூட்டத்தின் உண்மையான பலம் இங்கேதான் இருக்கிறது: அறிந்தவர்கள் எல்லோரும் அன்று ஒரே கூரையின்கீழ் இருக்கிறார்கள். அவர்கள் சொல்வதைப் பதியாமல் பொன்னாடை போர்த்தி அனுப்பிவிடுவது என்னால் பொறுக்க முடியாத குறை.

பெயரும் தேதியும் மட்டும் நினைவாகிவிடாது. பழவேற்காட்டில் டச்சுக்காரர்களின் கல்லறைகள் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கின்றன. கல்லில் பெயரும் தேதியும் செதுக்கியிருக்கிறது. படித்துவிட்டு நகர்பவருக்கு அந்த மனிதர் எப்படி வாழ்ந்தார் என்பது தெரிவதில்லை. அதே ஊரின் பழவேற்காடு ஏரியில், எந்த முறைக்கு யார் வலை இறக்குவது என்ற ‘பாடு’ உரிமை தகப்பனிடமிருந்து மகனுக்குத் தலைமுறைகளாக வந்துகொண்டிருக்கிறது. பிழைப்பே அதில் இருப்பதால் அது மறந்துபோவதில்லை.

ஆகவே, கடலை எழுதியவருக்கான அடுத்த கூட்டத்தைச் சென்னை அரங்கில் வைக்காமல் இந்தப் பக்கம் வையுங்கள். ‘அலைவாய்க்கரையில்’ நாவலிலிருந்து ஓர் அத்தியாயத்தை உரக்கப் படியுங்கள். தென்கடலைப் பற்றி எழுதியதில் எது இந்த ஏரிக்குப் பொருந்தும், எது பொருந்தாது என்று ‘பாடு’ உரிமை உள்ள மீனவர்களும் கையால் இறால் பிடிக்கும் பெண்களும் சொல்லட்டும். ஒருவர் உட்கார்ந்து எழுதிக்கொள்ளட்டும்.