சாந்தியின் டூட்டி எப்போது முடியும்?

‘பாலும் பழமும்’ (1961) படத்தில் சரோஜாதேவி ஏற்ற சாந்தி ஒரு செவிலியர். மருத்துவரான சிவாஜியை மணக்கிறாள். தனக்குக் காசநோய் வந்ததும், அவருடைய ஆராய்ச்சிக்குத் தடையாகிவிடக் கூடாதென்று வீட்டைவிட்டு வெளியேறுகிறாள். அவள் இறந்துவிட்டதாக நம்பி அவர் மறுமணம் செய்துகொள்கிறார். பிறகு பார்வையையும் இழக்கிறார். சாந்தி திரும்பி வருகிறாள், தான் யாரென்று சொல்லாமல் அவருக்கே செவிலியராக.

பீம்சிங்கின் இந்தப் படத்தை வகுப்பில் பேசும்போது மாணவிகளிடம் ஒன்று கேட்பேன்: சாந்தியின் டூட்டி எத்தனை மணிக்கு முடிகிறது? முடிவதே இல்லை. மனைவியின் பணிவிடையும் செவிலியரின் வேலையும் அவளுக்குள் ஒன்றாகிவிடுகின்றன. மனைவிக்கு விடுப்பு கிடையாது. ஆகவே செவிலியருக்கும் கிடையாது. அவளுடைய சோர்வு நமக்குத் தியாகமாக மட்டுமே காட்டப்படுகிறது.

இந்தப் படிமம் திரையோடு நின்றுவிடவில்லை. காலாப்பட்டில், கிழக்குக் கடற்கரைச் சாலையில், நைட் டூட்டி முடித்துப் பேருந்துக்கு நிற்கும் பெண்களோடு பேசியிருக்கிறேன். வீட்டுக்குப் போனால் தூக்கத்துக்கு முன்னால் அடுப்பு காத்திருக்கிறது என்பார்கள்.

சம்பளத்துக்காக முகத்தையும் மனத்தையும் கட்டுக்குள் வைத்திருப்பதை, விமானப் பணிப்பெண்களை ஆராய்ந்த ஆர்லி ஹோக்‌ஷீல்டு 1983இல் ‘உணர்வு உழைப்பு’ என்றார். மரணம் நிகழ்ந்த படுக்கையிலிருந்து அடுத்த படுக்கைக்குச் சிரித்த முகத்தோடு நகர்வதும் அந்த உழைப்புதான். அதை யாரும் வேலையாகக் கணக்கெடுப்பதில்லை.

இதற்கு மருந்தாக மனஅழுத்த மேலாண்மைப் பட்டறைகள் வருகின்றன: மூச்சுப் பயிற்சி, தியானம், நேர்மறைச் சிந்தனை. இவை பயனற்றவை என்று சொல்லமாட்டேன். ஆனால், இவற்றோடு நிறுத்திக்கொண்டால் சோர்வு அவளுடைய மனக்குறையாகிவிடுகிறது. 2019இல் உலக சுகாதார நிறுவனம் பணிச்சோர்வை ஒரு நோயாக வகைப்படுத்தவில்லை. பணியிடம் சார்ந்த நிகழ்வு என்றே வரையறுத்தது. குறை பணியிடத்தில் என்றால், மாற வேண்டியதும் பணியிடம்தானே?

2017 நவம்பரில் சென்னை டிஎம்எஸ் வளாகத்தில் ஒப்பந்தச் செவிலியர்கள் ஆயிரக்கணக்கில் திரண்டார்கள். மாத ஊதியம் 7,700 ரூபாய். பணி நிரந்தரம் கேட்டார்கள். உயர் நீதிமன்றம் போராட்டத்துக்குத் தடை விதித்தது. அடுத்த ஆண்டு வேலை இருக்குமா என்ற பயத்தை எந்தத் தியானம் போக்கும்?

உதவ நினைப்பவர்கள் செய்யக்கூடியவை எளியவை. இரவு வார்டில் கூடுதலாக ஒருவர். முன்கூட்டியே தெரியும் டூட்டி பட்டியல். ஒரு மரணத்துக்குப் பின் உட்கார்ந்து அழப் பதினைந்து நிமிடம். அழுததை நிர்வாகத்திடம் சொல்லாத ஆலோசகர்.

சாந்தி எதையும் கேட்கவில்லை. அதனால்தான் அவளைக் கொண்டாடினோம். டிஎம்எஸ் வளாகத்தில் அமர்ந்தவர்கள் கேட்டார்கள். நாம் எழுதவேண்டியது அவர்களுடைய கதையைத்தான்.