முகமும் உடைமையும்: கிரிப்டோபங்க்ஸ் உருவங்கள்

கிரிப்டோ உலகில் இயற்பெயரை மறைத்து உருவத்தையே அடையாளமாகக் கொள்ளும் வழக்கிற்கு, 2017-இல் லார்வா லேப்ஸ் வெளியிட்ட கிரிப்டோபங்க்ஸ் முன்னோடியாகும். 24×24 படப்புள்ளிகளாலான 10,000 முகங்கள். அவற்றுள் வேற்றுக்கிரகவாசிகள் ஒன்பதே. தொடக்கத்தில் இவை விலையின்றியே வழங்கப்பட்டன என்பது நோக்கத்தக்கது.

இதனைப் புனைபெயர் மரபின் தொடர்ச்சி எனக் கருதுவது பொருந்தாது. பெயரறியாச் சங்கப்புலவர் செம்புலப்பெயனீரார் எனப்பட்டது அவர்தம் பாடற்றொடரால். ஆக்கமே அங்குப் பெயராயிற்று. இங்கோ உருவத்தை அணிபவர் அதனை ஆக்கியவர் அல்லர், உடையவர் மட்டுமே. விற்றால் முகமும் கைமாறும். படத்தையோ எவரும் படியெடுத்து அணியலாம். எனவேதான் ட்விட்டர் 2022-இல் இத்தகைய உருவங்களின் உடைமையைக் காட்ட அறுகோணச் சட்டகம் வழங்கிற்று. 2024-இல் அவ்வசதி நீக்கப்பட்டது. அதன்பின் உடையவரையும் படியெடுத்தவரையும் முகங்கண்டு பிரித்தறிய இயலாது. பிளாக்செயின் பதிவைத்தான் நாடவேண்டும்.