786: எண்ணும் எழுத்தும்

தென்காசியிலிருந்து குற்றாலம் செல்லும் சாலையில், கடைப் பலகைகளிலும் ஆட்டோக்களின் நெற்றியிலும் 786 என்னும் எண்ணைக் காணாதார் இலர். திருமண அழைப்பிதழ்களின் உச்சியிலும் அதுவே நிற்கிறது. பிஸ்மில்லாஹ்வுக்கு மாற்றாக நம்மவர் கைக்கொண்ட இவ்வெண்ணைக் கணிதத்தின் தராசில் ஒருமுறை நிறுத்துப் பார்ப்பது தகும்.

கூட்டல் சரியானதே. அரபு எழுத்துகளுக்கு மதிப்பு வழங்கும் அப்ஜத் முறைப்படி ‘பிஸ்மி’ 102, ‘அல்லாஹ்’ 66, ‘அர்ரஹ்மான்’ 329, ‘அர்ரஹீம்’ 289, ஆக 786. ஆயினும் இத்தொகை ஒலியைச் சார்ந்ததன்று, எழுதும் முறையைச் சார்ந்தது. அலக் அத்தியாயத்தின் முதல் வசனத்தில் உள்ளவாறு ‘பிஸ்மி’யை அலிஃபுடன் எழுதினால் 787 ஆகிவிடும். மொராக்கோ முதலிய மேற்கு நாடுகளின் அப்ஜத் வரிசையில் ஸீனின் மதிப்பு 60 அன்று, 300. அங்கே தொகை 1026. மேலும், ஓரெண்ணுக்கு எத்தனையோ தொடர்கள் பொருந்தும். ‘ஹரே கிருஷ்ணா’ என்பதை ஹே, ரே, யே, காஃப், ரே, ஷீன், நூன், அலிஃப் என உருது எழுத்துகளில் எழுதிக் கூட்டினாலும் 786 வரும். சொல்லிலிருந்து எண்ணுக்குச் செல்லலாம். எண்ணிலிருந்து அச்சொல்லுக்கே மீள வழியில்லை. செய்யுளில் ஆண்டைப் பொதியவும், வானியல் கருவிகளில் அளவுகளைப் பொறிக்கவும் முன்னோர் அப்ஜதைக் கையாண்டனர். அது குறியீடு, திக்ருக்கு மாற்று அன்று.

எண் என்ற அளவில் 786 சிறப்பற்றதும் அன்று. 2, 3, 131 என்னும் மூன்று பகா எண்களின் பெருக்கம் அது. அதனினும் அரிய பண்பொன்று உண்டு. 1572 பொருள்களிலிருந்து 786ஐத் தேர்ந்தெடுக்கும் வழிகளின் எண்ணிக்கை ஒரு பேரெண். அப்பேரெண்ணை எந்த ஒற்றைப்படைப் பகா எண்ணின் வர்க்கமும் மீதியின்றி வகுப்பதில்லை. சான்றாக, 786ஐ மூன்றின் அடிமானத்தில் 1002010 என எழுதித் தன்னோடு கூட்டினால், அடுத்த இடத்துக்கு எடுத்துச் செல்லுதல் ஒரே முறை நிகழும். ஆகவே அப்பேரெண்ணை 3 வகுக்கும், 9 வகுக்காது. இத்தன்மையுடைய எண்களுள் 786ஐ விடப் பெரியது எதுவும் இதுவரை கண்டறியப்படவில்லை.

இத்தகைய பேரெண்கள் நடுவில் அமையும் முக்கோண அட்டவணையை ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் பக்தாதில் வகுத்தவர் அல்கரஜீ. 12ஆம் நூற்றாண்டில் அதைத் தம் ‘அல்பாஹிர்’ நூலில் பதிந்து காத்தவர் அஸ்ஸமவ்அல். 786இன் மெய்யான வியப்புக்குத் திறவுகோல் நம் அறிவு மரபிலேயே இருக்க, நாம் அதைப் பலகையில் தீட்டுவதோடு நின்றுவிட்டோம் என்பதே வருத்தம்.

புனித வாசகம் மிதிபடலாகாது என்னும் அச்சம் மதிக்கத்தக்கது. எனினும், சூரியனை வணங்கிய ஸபா நாட்டு அரசிக்கு ஸுலைமான் நபி (அலை) விடுத்த மடலில் முழு பிஸ்மில்லாஹ்வும் இருந்ததைக் குர்ஆன் (27:30) கூறுகிறது. ரோமப் பேரரசர் ஹிரக்லுக்கு நபிகள் நாயகம் (ஸல்) அனுப்பிய மடலும் அவ்வாறே தொடங்கிற்று. தாளில் எழுதத் தயங்குவோர் நாவால் மொழிந்து தொடங்கலாம். அதற்குத் தடையேதும் இல்லை. வாசகம் நாவில் வாழட்டும். எண்ணை நம் பிள்ளைகள் கணித வகுப்பில் ஆராயட்டும். இரண்டுக்கும் உரிய கண்ணியம் அதுவே.