யாரைப் பார்த்துப் பேசுகிறோம்?

எங்கள் ஆச்சி ஜெபித்தது அரங்கு வீட்டு மூலையில், நெல் குதிருக்குப் பக்கத்தில். அங்கே கிடந்த ஓலைப்பாயில் முழங்கால் பதிந்த இரண்டு இடம் மட்டும் நைந்து கறுத்திருக்கும். வீட்டில் நோயும் கடனும் சேர்ந்து நெருக்கிய ஒரு வருஷம், "பிசாசின் போராட்டம்" என்று சொந்தக்காரர்கள் சொன்னபோது ஆச்சி சொன்னது: "அவன் கெடக்கான். நான் ஆண்டவர்ட்டல்லா பேசிக்கிட்டிருக்கேன்." தமிழ்க் கிறிஸ்தவத்தின் ஜெப மரபுகளை நிறுத்துப் பார்க்க எனக்கு இன்றும் அதுதான் தராசு.

கத்தோலிக்கர் 'செபம்' என்று எழுதுவார்கள், புராட்டஸ்டண்ட் சபையாராகிய நாங்கள் 'ஜெபம்' என்போம். எழுத்தில் தொடங்கும் வேறுபாடு முறையிலும் உண்டு. 1542-இல் முத்துக்குளித்துறைக்கு வந்த சவேரியார், மந்திரங்களைத் தமிழில் மனப்பாடமாகச் சொல்லிக்கொடுத்தார். கலங்கிய மனதுக்குச் சொந்த வார்த்தை வராது, மனப்பாடம் வரும். அவருடைய குரு இஞ்ஞாசியார் வைத்த விதி இன்னும் நுட்பமானது. மனம் வறண்டிருக்கும்போது முன்பு எடுத்த முடிவை மாற்றாதே. ஒரு மணி நேரம் செபிக்க நினைத்திருந்தால் அதைவிடச் சற்றுக் கூடுதலாகவே இரு. பேயோட்டுவதற்கோ குருவானவருக்கு ஆயரின் அனுமதி வேண்டும். உவரி அந்தோணியார் கோவிலில் தலைவிரித்து ஆடுகிறவர்களைப் பார்த்தவர்களுக்கு, அந்தச் சட்டம் எதற்கு என்று விளக்க வேண்டியதில்லை.

1706-இல் தரங்கம்பாடியில் இறங்கிய லூத்தரன் மிஷனரி சீகன்பால்கை இரண்டே வருஷத்தில் சிறையில் போட்டது பேயல்ல, டேனிஷ் ஆளுநர். அவர் தமிழில் தந்த லூத்தரின் சிறிய ஞானோபதேசத்தில் (மூலம் 1529) இராத்திரி ஜெபம் ஒன்று உண்டு. சத்துரு நம்மை மேற்கொள்ளாதபடி தூதனின் காவலைக் கேட்டுவிட்டு, உடனே சந்தோஷமாகத் தூங்கப்போகச் சொல்கிறார் லூத்தர். தூங்க முடிகிறதா என்பதைவிட விசுவாசத்துக்குக் கறாரான பரீட்சை நான் கண்டதில்லை.

1858-இல் கிறிஸ்தவரான எச். ஏ. கிருஷ்ண பிள்ளை, பனியனின் மோட்சப் பயணக் கதையைத் தழுவி 'இரட்சணிய யாத்திரிகம்' பாடினார், வெளிவந்தது 1894-இல். பனியனின் மூலத்தில் அப்பொல்லியோன் என்ற பிசாசை வெட்டிய வாள் மரண இருளின் பள்ளத்தாக்கில் பயன்படாது. யாத்திரிகன் அதை உறையில் போட்டுவிட்டு ஜெபத்தையே ஆயுதமாக எடுக்கிறான்.

பெந்தெகொஸ்தே சபைகளின் கதை வேறு. உபதேசியார் ஜெபிக்க மற்றவர்கள் ஆமென் சொல்லிக்கொண்டிருந்த ஊர்களில், பாத்திரம் தேய்க்கிற பெண்ணும் பரிசுத்த ஆவிக்காகக் காத்திருக்கும் கூட்டத்தில் தன் சொந்த வார்த்தையில் ஒரு மணி நேரம் அழுது ஜெபிக்கலாம் என்றாக்கியது அவர்கள்தான். அந்தக் கடன் நமக்கு உண்டு. உபவாசத்தையும் அவர்களே உயிரோடு வைத்திருக்கிறார்கள். அதற்கு எடுத்துக்காட்டும் மத்தேயு 17:21 மிகப் பழைய கிரேக்கப் பிரதிகளில் இல்லை, புதிய மொழிபெயர்ப்புகளில் அடிக்குறிப்பாகிவிட்டது என்றால் மட்டும் கோபம் வரும்.

என் மனத்தாங்கல் ஒலிபெருக்கியோடு. முழு இரவு ஜெபம் ஒன்றில் "சாத்தானே, உன்னைக் கட்டுகிறேன்" என்பதை எண்ணத் தொடங்கி, நாற்பதுக்கு மேல் விட்டுவிட்டேன். அன்று ஆண்டவரைவிட அவனுக்கே அதிக நேரம் கிடைத்தது. யூதாவின் நிருபம் ஒன்பதாம் வசனத்தில் பிரதான தூதனாகிய மிகாவேலே பிசாசைத் தானாகத் திட்டாமல் கர்த்தரிடம் விட்டுவிடுகிறான். பவுலோ தன் மாம்சத்தில் இருந்த முள்ளை எடுக்கும்படி மூன்று தரம் கேட்டான், முள் போகவில்லை.

டோனாவூரில் மிஷனரியாக இருந்த ஏமி கார்மைக்கேல் அம்மையாரும் குணமாகவில்லை. 1931-இல் விழுந்து அடிபட்டவர், 1951-இல் இறக்கும்வரை பெரும்பாலும் படுக்கையில்தான் இருந்தார். அந்த அறையிலிருந்தே எழுதினார், ஜெபித்தார். விசுவாசம் போதவில்லை என்று அவரிடம் யாராவது சொல்லியிருந்தால் என்ன பதில் சொல்லியிருப்பாரோ!

ஆச்சிக்கும் கடைசிக் காலத்தில் முழங்கால் மடங்கவில்லை. பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து ஜெபித்தாள். பாயைச் சுருட்டி வைக்க மட்டும் விடவில்லை. அது காலடியில் விரித்தபடியே கிடந்தது.