செய்யுள் என்னும் சொல்

தமிழ் பயில்வார் நாவில் நாடோறும் வழங்கும் சொற்களுள் செய்யுள் என்பதும் ஒன்று. சீரும் தளையும் அமைந்த பாட்டே செய்யுள் என்றும், அவை இல்லாதது வசனம் என்றும் இக்காலத்தார் கொள்வர். இக்கொள்கை பழைய இலக்கண நெறியோடு பொருந்துமா என்பதும், பொருந்தாவழிச் சித்தாந்த நூல் ஓதுவார்க்கு விளையும் இழுக்கு யாது என்பதும் ஈண்டு ஆராயப்படும்.

செய்யுள் என்பது செய் என்னும் பகுதியும் உள் என்னும் விகுதியும் கொண்டது. தனிக்குறிலை அடுத்து நின்ற யகரமெய், உயிர் வந்தமையின் இரட்டித்தது. உள் என்பது தொழிற்பெயர் விகுதியாதல், இலக்கண ஆசிரியர் தொகுத்த தொழிற்பெயர் விகுதிகளுள் அதுவும் எண்ணப்பட்டமையால் தெளியப்படும். விக்குள் என்புழியும் அவ்விகுதியே வந்தது. ஆகவே இதன் முதற்பொருள் செய்தல் என்பதே. அத்தொழிற்பெயர் செய்யப்பட்ட பொருளுக்கு ஆகி வருதலின் தொழிலாகுபெயராயிற்று. வற்றல் என்பது வற்றிய காயை உணர்த்துமாறு போல.

அற்றேல், நன்செய், புன்செய் என்பவற்றிற்போலச் செய் என்பது விளைநிலத்தை உணர்த்த, சொல் விளையும் நிலத்தினுள் அமைந்தது செய்யுள் எனக் கொண்டால் என்னை எனின், அது பொருந்தாது. அங்ஙனங் கொள்ளின் உள் என்பது ஏழனுருபாய் நின்று, நிலத்தின்கண் என்னும் அளவே பொருள் தந்தொழியும், நூலுக்குப் பெயராகாது. சொல்லில் இல்லாத உவமையை வெளியிலிருந்து கொணர்ந்து புகுத்துதல் கேட்பார்க்கு இனிக்கும் நயமாகலாம்; சொல்லாராய்ச்சி ஆகாது.

இனி, இப்பெயர் எவற்றைத் தழுவும் என்பதை நோக்குவோம். தொல்காப்பியனார் செய்யுளியலில் மாத்திரை முதலாக 34 உறுப்புக்களைக் கூறினார். அவற்றுள் ஒன்றாகிய யாப்பு வழங்கும் இடங்களாகப் பாட்டு, உரை, நூல், வாய்மொழி, பிசி, அங்கதம், முதுசொல் என ஏழனை வகுத்தார். பிசி என்பது விடுகதை. முதுசொல் என்பது பழமொழி. உரையினுள் பாட்டின்றி வரும் சொன்னடையையும் அடக்கினார். இவையெல்லாம் செய்யுளாதலின், பாட்டு அதன் ஒரு கூறேயன்றி முழுதும் அன்று. முன்னோர் செய்யுளோடு இணைத்தெண்ணியது வழக்கினையே, வசனத்தை அன்று. நாவில் இயல்பாக எழுவது வழக்கு. அறிவுடையோர் ஆய்ந்து ஒரு பொருள்மேல் அமைப்பது செய்யுள். பிற்காலத்துத் தண்டியலங்காரம் செய்யுளை முத்தகம், குளகம், தொகைநிலை, தொடர்நிலை என வகுத்தபொழுது பாட்டே முதன்மை பெற்றது. பொருள் சுருங்கியது குற்றமன்று; சுருங்கிய பொருள் பழைய பொருளை மறைத்தலே குற்றம்.

அம்மறைவால் வரும் இழப்புச் சிறிதன்று. சிவஞானபோதத்துச் சூத்திரங்கள் 12. அவற்றை நெட்டுருச் செய்தார் பலர். சூத்திரத்தை அடுத்து மேற்கோளும் ஏதுவும் உரைநடையிலும், எடுத்துக்காட்டு வெண்பாவிலும் அமைந்துள்ளன. அவையும் மெய்கண்டதேவர் அருளியவை என்பதே மரபு. சூத்திரமே செய்யுள், ஏனைய வெறும் வசனம் என்று ஒதுக்குவார், துணிபினை மட்டும் கைக்கொண்டு அதனை நிறுவும் காரணத்தைக் கைவிடுவர். ஏதுவின்றி மேற்கோள் நில்லாமை அளவை நூல் கற்றார் அனைவர்க்கும் உடன்பாடு. தொல்காப்பியனார் வகுத்த நெறியால் நோக்கின், சூத்திரம் நூலின்பாலும், ஏது உரையின்பாலும், வெண்பாப் பாட்டின்பாலும் படும், மூன்றும் செய்யுளே. ஆதலின் மூன்றனையும் ஒருங்கு ஓதுதலே முறை.

பல தாதுக்களாலாகிய உடம்பு உயிர்க்கு இடமாதல்போலப் பல சொற்களாலாகிப் பொருளுக்கு இடமாவது செய்யுள் என்பது நன்னூலார் கருத்து. அவர் சமணராயினும், அந்நூலின் விருத்தியுரையைத் திருவாவடுதுறை ஆதீனத்துச் சிவஞான முனிவர் திருத்தியருளினார். சைவ மடங்களில் அது பாடமாகவும் நிலைத்தது. அவ்வுவமை சைவர்க்கு மிகவும் ஏற்புடைத்து. உடம்பு உயிர்க்கு உதவும் பொருட்டு இறைவனால் ஆக்கித் தரப்பட்டது என்பது சித்தாந்தம். அதுபோலச் செய்யுளும் பொருளின் பொருட்டே செய்யப்படுவது. ஓசையின் இனிமையிலே நின்று பொருளை மறந்தார், உடம்பைப் பேணி உயிரை மறந்தாரோடு ஒப்பர் என்க.